கோடை வளர்த்த ஓவியத் தொகுப்பு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் காலேஜ் போர்டு நடத்தும் 'ஏபி' என்ற மேல்நிலைப் பாடத்திட்டத்தில் கணிதம், வேதியியல், வரலாறு எல்லாவற்றுக்கும் மே மாதத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் உட்கார்ந்து தேர்வு எழுத வேண்டும். ஓவியத்துக்கு அப்படி ஒரு கேள்வித்தாள் கிடையாது. மாணவர் தான் வரைந்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து ஒரு போர்ட்ஃபோலியோவை அனுப்ப வேண்டும். ஒரே கேள்வியை விடாமல் துருவிப் பார்த்ததற்குச் சான்றாக 15 படங்கள். கைத்தேர்ச்சிக்குச் சான்றாக 5 படைப்புகள். முதல் பகுதிக்கு 60 விழுக்காடு மதிப்பெண், இரண்டாவதற்கு 40. மே மாதத் தொடக்கத்தில் ஒப்படைக்க வேண்டியதை, செப்டம்பரில் பள்ளி திறந்த பிறகு தொடங்கி முடிப்பது கடினம். அதனால் ஜூனில் விடுமுறை விடும்போதே ஆசிரியர்கள் பலர் ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்: பழைய காலணிகளைக் குவித்து வரை, கசங்கிய காகிதப் பையை வரை, பளபளக்கும் பாத்திரத்தில் தெரியும் பிம்பத்தை வரை, கண்ணாடி முன் உட்கார்ந்து உன் முகத்தை வரை. இந்தக் கோடைப் பணியைப் பள்ளி ஆண்டில் இடம் போதாமல் விடுமுறைக்குள் வழிந்த வீட்டுப்பாடமாகத்தான் பெற்றோரும் மாணவரும் பார்க்கிறார்கள். வரலாறு வேறு கதையைச் சொல்கிறது. போர்ட்ஃபோலியோ எந்தக் குணங்களை இன்று மதிப்பிடுகிறதோ, அந்தக் குணங்கள் அமெரிக்கக் கலைக் கல்வியில் முதலில் வேரூன்றியது கோடையில்தான். பள்ளி அவற்றை ஏற்றுக்கொண்டது பல பத்தாண்டுகள் கழித்து. இது தெரிந்தால், அந்தப் பட்டியலைப் பற்றிய நம் எண்ணமும் மாறும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக்குள் ஓவியம் என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1870இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பொதுப் பள்ளிகளில் வரைதலைப் பாடமாக்கிச் சட்டம் இயற்றியது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊர்களில் வயதுவந்தோருக்கும் இலவச வரைதல் வகுப்பு நடத்த வேண்டும் என்றும் அது சொன்னது. நோக்கம் கலை அல்ல. துணி ஆலைகளுக்கும் இயந்திரப் பட்டறைகளுக்கும் வரைபடம் படிக்கத் தெரிந்த, கை தேர்ந்த தொழிலாளர்கள் தேவைப்பட்டார்கள். இதற்காக இங்கிலாந்திலிருந்து வால்டர் ஸ்மித் என்பவரை பாஸ்டனுக்கு வரவழைத்தார்கள். 1873இல் ஓவிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றும் அவர் தலைமையில் திறந்தது. அவர் வந்தது லண்டன் சவுத் கென்சிங்டன் மரபிலிருந்து. அங்கே ஓவியப் படிப்பு 23 படிகளாக வகுக்கப்பட்டிருந்தது. நேர்கோட்டில் தொடங்கி, அச்சிட்ட மாதிரியைப் பார்த்து வெளிக்கோடு வரைந்து, பிறகு கனவடிவங்களுக்கு நகர்ந்து, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். மாணவரின் சொந்தக் கண்ணுக்கு அதில் இடம் மிகச் சிறிது. தமிழ்நாட்டில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு ஓவியத் தேர்வு எழுதியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்ற பெயர்களே அந்த மரபு ஆங்கிலேய ஆட்சியோடு இங்கும் வந்து ஊன்றியதைக் காட்டும். குறித்த நேரம், குறித்த தாள், எல்லோருக்கும் ஒரே மாதிரி, சரி தவறு என்று அளந்துவிடக்கூடிய விடை: அந்தக் காலத்துப் பள்ளி ஓவியத்தின் இலக்கணம் இதுதான்.

இந்த இலக்கணத்துக்கு வெளியே ஒரு காலம் தேவைப்பட்டது. அது கோடை விடுமுறையாக வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் நீண்ட கோடை விடுமுறை, பிள்ளைகள் வயலில் வேலை செய்வதற்காக ஏற்பட்டது என்று ஒரு கதை பரவலாக உண்டு. அது பொருந்தவில்லை. விதைப்பும் அறுவடையும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வருபவை. கிராமப் பள்ளிகள் பல கோடையிலும் குளிர்காலத்திலும்தான் நடந்தன. நகரத்துப் பள்ளிகள்தான் ஏறக்குறைய ஆண்டு முழுக்க இயங்கிக்கொண்டிருந்தன. நகரத்து வெயில், வசதியானவர்கள் வெளியூர் போகும் வழக்கம், இடைவிடாத படிப்பு பிள்ளைகளின் உடலைக் கெடுக்கும் என்ற அன்றைய நம்பிக்கை எல்லாம் சேர்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரு வகைப் பள்ளிகளும் இன்றைய வடிவத்துக்கு வந்தன. இதன் விளைவாக ஆயிரக்கணக்கான பள்ளி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மாதம் ஓய்வு கிடைத்தது. 1874இல் நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்வா ஏரிக்கரையில் தொடங்கிய கோடைக் கூடல் இந்த ஓய்வைப் படிப்பாக மாற்ற முடியும் என்று காட்டியது. ஓவியத் துறையிலும் நிலம் பதப்பட்டிருந்தது. 1841இல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற தகரக் குழாய், எண்ணெய் வண்ணத்தை உலராமல் வெளியே எடுத்துப்போக வழி செய்தது. அதுவரை அதைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்திருந்தார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் ஃபோன்டென்ப்ளோ காட்டோரக் கிராமமான பார்பிசோனில் தங்கி ஓவியர்கள் திறந்தவெளியில் வரைந்ததை, அங்கே படிக்கப் போன அமெரிக்கர்கள் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

1891இல் ஓவியர் வில்லியம் மெரிட் சேஸ், நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டனுக்கு அருகே ஷினக்காக் கோடை ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். 1902 வரை ஒவ்வொரு கோடையும் அது நடந்தது. மாணவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். மணல் மேடும் புதரும் கடற்காற்றும்தான் வகுப்பறை. குடையும் மடக்கு நாற்காலியும் வண்ணப்பெட்டியும் தூக்கிக்கொண்டு அவரவர் விரும்பிய இடத்தில் போய் உட்கார வேண்டும். எதை வரைவது என்று யாரும் பட்டியல் கொடுக்கவில்லை. வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஆசிரியர் பக்கத்திலேயே இருக்கமாட்டார். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் தங்கள் வேலையைக் கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பெரிய சட்டத்தில் அவற்றை வைத்து, எல்லோர் முன்னிலையிலும் சேஸ் ஒவ்வொன்றையும் விமர்சிப்பார். என் பார்வையில் அமெரிக்கக் கலைக் கல்வியின் திருப்புமுனை இந்த ஏற்பாடுதான். தனியாகத் தேர்ந்து, தனியாகப் பல நாள் உழைத்து, குவிந்த வேலையை மொத்தமாகப் பிறர் கண் முன் வைத்துத் தீர்ப்புக் கேட்பது என்ற பழக்கம் ஒரு பெரிய மாணவர் கூட்டத்துக்கு அங்கே கைவந்தது. போர்ட்ஃபோலியோ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் செயல் அதுவே.

சேஸின் மாணவர் சார்லஸ் ஹாத்தார்ன் இதை இன்னும் இறுக்கினார். 1899இல் மாசசூசெட்ஸின் கடைக்கோடியில் இருக்கும் ப்ராவின்ஸ்டவுன் என்ற மீன்பிடி ஊரில் கேப் காட் ஓவியப் பள்ளியைத் தொடங்கி, 1930இல் இறக்கும் வரை நடத்தினார். கடற்கரையில் வெயிலுக்கு முதுகு காட்டி, தொப்பி அணிந்த ஒரு சிறுவனையோ சிறுமியையோ நிறுத்துவார். முகம் நிழலில் இருக்கும். கண்ணும் மூக்கும் தெரியாது. மாணவர்கள் தூரிகையை வைத்துவிட்டு, புட்டி பூசும் தகட்டுக் கத்தியால் வண்ணத்தை அப்ப வேண்டும். அதனால் நுணுக்கத்துக்குள் ஓடி ஒளிய முடியாது. தொப்பியின் நிறம், கன்னத்தின் நிறம், பின்னால் தண்ணீரின் நிறம் என்று ஒரு திட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு திட்டைச் சரியாக வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. களிமண் தலைகள் என்று இவற்றுக்குப் பெயர் வந்தது. ஒரு கோடையில் ஒருவர் இப்படிப் பல பலகைகளைப் பூசித் தள்ளுவார். எந்த ஒன்றையும் முடித்துச் சட்டம் போடும் எண்ணம் கிடையாது. நாற்பதாவது பலகை முதல் பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே கேள்வி. இன்று 15 படங்களில் மாணவரின் தேடல் நகர்ந்திருக்கிறதா, பயிற்சியும் திருத்தமும் தெரிகிறதா என்று மதிப்பீட்டாளர் பார்க்கிறாரே, அதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரியை நான் அறியேன்.

திறந்தவெளி மட்டும் போதும் என்று நினைக்காத இன்னொரு கோடை மரபும் அதே காலத்தில் வளர்ந்தது. ஆர்தர் வெஸ்லி டோ, மாசசூசெட்ஸின் இப்ஸ்விச்சில் கோடைப் பள்ளி நடத்தியவர்; ஜப்பானிய மர அச்சுகளை ஆழ்ந்து படித்தவர். 1899இல் வெளிவந்த 'காம்போசிஷன்' நூலில், கோடு, கருமை–வெண்மைச் சமநிலை, நிறம் ஆகிய மூன்றைக் கொண்டு ஒரு வெளியை அழகாகப் பிரிப்பதே ஓவியத்தின் அடிப்படை என்று வாதிட்டார். கண்டதை நகலெடுக்கும் திறமையைத் தலையில் வைத்துக் கொண்டாடிய பாடத்திட்டத்துக்கு இது நேரடி எதிர்ப்பு. 1904 முதல் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் அவர் கற்பித்ததால் இந்தக் கருத்து நாடெங்கும் பள்ளி ஓவிய ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஏபியில் இன்று இருபரிமாண வடிவமைப்பு என்று தனித் தொகுப்பு இருக்கிறது. ஒற்றுமை, சமநிலை, தாளம், முரண் என்று அதை மதிப்பிடும் மொழியில் டோவின் கை தெரிகிறது.

இந்த இரண்டு கோடைகளையும் ஒரே வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் ஜார்ஜியா ஓ'கீஃபைப் பார்க்கலாம். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீகில் சேஸிடம் படித்தபோது, செத்த முயலும் செப்புப் பாத்திரமும் கொண்ட நிலைப்பொருள் ஓவியத்துக்காக அவருக்குப் பரிசு கிடைத்தது. பரிசு என்ன தெரியுமா? 1908 கோடையில் லேக் ஜார்ஜில் லீக் நடத்திய வெளிப்புறப் பள்ளியில் ஓர் இடம். நல்ல மாணவருக்குத் தரத்தக்க உயர்ந்த வெகுமதி ஒரு கோடை என்று அந்த நிறுவனம் கருதியிருக்கிறது. அதன் பிறகு அவர் ஓவியத்தை விட்டு விலகி, சிகாகோவில் விளம்பரப் படம் வரைந்து பிழைத்தார். திரும்பக் கொண்டுவந்ததும் ஒரு கோடைதான்: 1912இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் கோடை வகுப்பில் அலான் பெமென்ட் என்பவர் டோவின் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். 1915இல் தென் கரோலினாவில் ஆசிரியராக இருந்தபோது, தன் வேலைகளை எல்லாம் அறையில் பரப்பி வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஆசிரியரின் சாயல் இருப்பதைக் கண்டு, கரித்துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினார். அந்தக் கரித்துண்டுப் படங்களைச் சுருட்டித் தோழி அனிட்டா பொலிட்சருக்கு அனுப்பினார். தோழி அவற்றைப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் காட்ட, 1916இல் அவை அவருடைய 291 காட்சிக்கூடத்தில் தொங்கின. தன் வேலையைத் தானே வரிசையாக வைத்துப் படித்து, எது தன்னுடையது என்று கண்டுபிடிக்கும் இந்தச் செயல் இலையுதிர் காலத்தில் நடந்தது. ஆனால் அதற்கான பயிற்சியில் முக்கியப் பங்கு கோடைகளில் சேர்ந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஏபி ஓவியத் தொகுப்பை உருவாக்கியவர்கள் மணல் மேட்டில் குடை பிடித்தவர்கள் அல்லர்; கல்லூரி முதலாண்டுப் பாடத்துக்கு ஈடாகப் பள்ளியிலேயே மதிப்பெண் தர வழி தேடிய தேர்வு அமைப்பினர். ஏபி 1955 முதல் காலேஜ் போர்டின் பொறுப்பில் இருந்தாலும் ஓவியம் அதில் சேர்ந்தது 1972இல்தான். சேஸுக்கும் அதற்கும் நடுவில் எழுபது ஆண்டுகள்; நேரடி வாரிசு என்று சொல்லக் காகித ஆதாரம் தேடினால் கிடைக்காது. இதை ஒப்புக்கொள்கிறேன். என் வாதம் பரம்பரைப் பட்டயத்தைப் பற்றியதன்று, பழக்கத்தைப் பற்றியது. எழுத்துத் தேர்வுகளால் வளர்ந்த ஓர் அமைப்பு, ஓவியத்துக்கு வந்தபோது ஏன் மூன்று மணி நேரத் தாளைக் கைவிட்டது? அமெரிக்கக் கலைக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் ஒரு மாணவரை எடைபோடும் ஒரே வழியாக, குவிந்த வேலையை மொத்தமாகப் பார்ப்பதையே அப்போது நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்கு ஊட்டியது சவுத் கென்சிங்டன் அல்ல. அது வாரந்தோறும் விமர்சனக் கூடத்தில் வளர்ந்தது. நெடுங்காலம் ஏபி தொகுப்பு மூன்று பகுதிகளாக இருந்ததைப் பாருங்கள். தரம் என்ற பகுதிக்கு 5 அசல் ஓவியங்கள்; அகலம் என்ற பகுதிக்குப் பலவகைப் பயிற்சியைக் காட்டும் படங்கள்; மூன்றாவதற்கு, மாணவர் தாமே தேர்ந்த ஒரே பொருளில் ஆழ்ந்து செய்த 12 படங்கள். மூன்றாவது பகுதியைப் பள்ளி மணிக்குள் அடைக்கவே முடியாது. 2019–20இல் பாடத்திட்டத்தை மாற்றியபோது அகலம் என்ற பகுதியைத் தூக்கிவிட்டு, தொடர்ந்த தேடலுக்கு 60 விழுக்காடு கொடுத்தார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு அந்த அமைப்பு இன்னும் சேஸ் பக்கமே நகர்ந்திருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு பணத்தைப் பற்றியது. கடற்கரைப் பள்ளியில் கோடையைக் கழிக்க யாரால் முடிந்தது? ஷினக்காக் நடந்த இடமே செல்வர்களின் கோடை வாசஸ்தலம்; அதற்கு இடமும் ஆதரவும் தந்தவர்களும் அவர்கள்தான். இன்றும் கலைக் கல்லூரிகள் பள்ளி மாணவருக்கு நடத்தும் கோடை வகுப்புகளுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம். கோடையில் கடையில் நின்று சம்பாதித்தால்தான் வீடு நடக்கும் என்ற பிள்ளைக்குக் கோடை ஒரு தண்டனைதான். இந்தக் குற்றச்சாட்டில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனாலும் அது குற்றம் சாட்டுவது கட்டணத்தை, கோடையை அல்ல. ஓவியர் ஆண்டி வார்ஹோலின் கதை இதற்குச் சான்று. பிட்ஸ்பர்க் தொழிலாளிக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் தந்தையை இழந்தவர். 1945இல் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, முதலாண்டு முடிவில் வெளியேற்றப்படும் நிலைக்கு வந்துவிட்டார். கோடையில் செய்யும் வேலையைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 1946 கோடையில், பால் என்ற அண்ணன் காய்கனி விற்க லாரியில் போனபோது அவரும் கூடப் போனார். தெருத்தெருவாக லாரியைச் சூழ்ந்த பெண்களையும் பிள்ளைகளையும் விறுவிறுவென்று கோட்டில் பிடித்தார். அந்தக் கட்டுப் படங்கள் அவரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்ததோடு, கோடை வேலைக்கென்றே கல்லூரி வைத்திருந்த லைசர் பரிசையும் பெற்றுத் தந்தன. அவர் அப்போது பள்ளி மாணவர் இல்லை. ஒருவர் தப்பியதால் எல்லோருக்கும் வழி திறந்துவிட்டது என்றும் ஆகாது. ஆனால் கோடைத் தொகுப்புக்கு வேண்டியது கடற்கரையோ விலையுயர்ந்த வண்ணமோ அல்ல என்பதை அந்த லாரி நிரூபித்தது. பொதுப்பணம் செலவிட மனமிருந்தால் கட்டணத் தடையையும் நீக்கலாம். 1963இல் வட கரோலினா மாநிலம் கவர்னர் பள்ளி என்ற கோடைக்கால உறைவிடப் பள்ளியைத் தொடங்கி, திறமையுள்ள உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓவியம் உட்படப் பல துறைகளைக் கற்பித்தது. அதைப் பார்த்து வேறு மாநிலங்களும் தொடங்கின.

தொகுப்பை எப்படி நியாயமாக மதிப்பிடுவது என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் வெர்மான்ட் மாநிலம் கணிதத்தையும் எழுத்தையும் போர்ட்ஃபோலியோ வழியே மதிப்பிட முயன்றது. ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு, ஒரே தொகுப்புக்கு இரு ஆசிரியர்கள் வெவ்வேறு மதிப்பெண் போடுவதைக் காட்டி அந்த முயற்சியின் பலவீனத்தை வெளிச்சமாக்கியது. ஓவியத்தில் மட்டும் எப்படி நிற்கிறது? ஒவ்வொரு ஆண்டும் ஜூனில் பள்ளி, கல்லூரி ஓவிய ஆசிரியர்கள் மதிப்பீட்டுக்குக் கூடி, ஒரே மாதிரித் தொகுப்புகளை வைத்து முதலில் தங்கள் கண்களைச் சீராக்கிக்கொண்டு, பிறகே மதிப்பெண் போடுகிறார்கள். ஒரே தொகுப்பின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு ஆசிரியர்கள் கைக்குப் போகின்றன. பலர் முன்னிலையில் ஒரு படத்தைப் பற்றிப் பேசி இணங்குவது விமர்சனக் கூடத்தில் பழகியவர்களுக்குப் புதிதல்ல. கணித ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு பொது மரபு வாய்க்கவில்லை. வேறுபாடு அங்கேதான் இருந்தது என்பது என் முடிவு.

இப்போது அந்த ஜூன் மாதப் பட்டியலுக்கு வருவோம். அதை ஆதரிப்போர் சொல்வது எளிதில் தள்ளக்கூடியதன்று: பதினாறு வயதுப் பிள்ளையிடம் உன் கேள்வியை நீயே கண்டுபிடி என்றால் ஆகஸ்ட் வரை தாள் வெள்ளையாகவே இருக்கும்; காலணியும் காகிதப் பையும் கையைப் பழக்கும். கை பழகத்தான் வேண்டும். ஹாத்தார்ன் அளவுக்குக் கடுமையாகக் கையைப் பழக்கியவர் யார்? ஆனால் அவர் விதித்தது ஒரு கட்டுப்பாடு. அதே ஒன்றைக் கோடை முழுக்கச் செய்து, வாரந்தோறும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். இன்றைய பட்டியல் பத்து வெவ்வேறு பொருள்களைத் தந்து, ஒவ்வொன்றையும் ஒரேயொரு முறை வரையச் சொல்லி, செப்டம்பர் வரை யாரும் பார்க்காமல் விட்டுவிடுகிறது. 2019இல் நீங்கிய அகலப் பகுதிக்கு அது பொருந்தியிருக்கலாம். தொடர்ந்த தேடலுக்குப் பொருந்தாது. பட்டியலை எடுத்துக்கொண்டு இணையப் படத்தைப் பார்த்து நகலெடுக்கும் மாணவரும் உண்டு. பிறர் புகைப்படத்தை அப்படியே எடுப்பதைத் திருட்டு என்று ஏபி விதிகள் சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்தக் கட்டத்திலும் பயன்படுத்தக் கூடாது என்றும் தடை செய்திருக்கின்றன. தடையால் மட்டும் இதை நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாரந்தோறும் பத்துப் பேர் முன் வைக்க வேண்டிய படத்தைக் கருவியிடம் கேட்டு வாங்குவது கடினம். செப்டம்பரில் மொத்தமாக ஒப்படைப்பதை வாங்குவது எளிது.

ஆகவே பள்ளி நிர்வாகங்களிடமும் ஓவிய ஆசிரியர்களிடமும் கேட்க வேண்டியது இதுதான். ஜூனில் பத்துத் தலைப்புக் கொடுப்பதை நிறுத்துங்கள். மாணவர் தினமும் போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது பேருந்து நிறுத்தமாக இருக்கலாம், அவர் வேலை செய்யும் கடையாகவும் இருக்கலாம். கரித்துண்டு மட்டும், அல்லது மூன்று நிறம் மட்டும் என்று ஒரே ஒரு கட்டுப்பாடு விதியுங்கள். வாரத்தில் ஒருநாள் மாலை பள்ளியின் ஓவிய அறையைத் திறந்து வைத்து, அவரவர் வரைந்ததைச் சுவரில் மாட்டிப் பேச வையுங்கள். அந்த ஒரு மாலைக்கு ஆசிரியருக்கு உரிய சம்பளத்தைப் பொதுப்பணத்திலிருந்து கொடுங்கள்.